நீ சேரப்போகும் துறையைப் பற்றி

அன்பு மகளுக்கு,

குழந்தைகள் அறுவை சிகிச்சையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவள் என்பதால், படிப்பு தொடங்குமுன் உனக்குச் சிலது சொல்லிவிட ஆசை.

இந்தத் துறைக்கு வயது குறைவு. குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை பாரிஸில் 1802-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவர்களுக்கு ஆபரேஷன் செய்யப் பெரியவர்களின் டாக்டரே போதும் என்றுதான் அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலும் இருந்தார்கள். பாஸ்டனில் வில்லியம் லாட் என்ற அறுவை சிகிச்சை டாக்டர் அதை மாற்றினார். அவரும் ராபர்ட் கிராஸும் எழுதிய பாடநூல் 1941-ல் வந்தது. அதே வருஷம் மிச்சிகனில் கேமரன் ஹைட், உணவுக்குழாய் நடுவில் அறுபட்டுப் பிறந்த ஒரு பெண் சிசுவுக்கு, இரு முனைகளையும் ஒரே ஆபரேஷனில் சேர்த்துத் தைத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தக் குழாய் எவ்வளவு மெல்லியது என்று நீயே பார்க்கப்போகிறாய்.

தைக்கத் தெரிந்துகொண்டார்கள். வலியைப் புரிந்துகொள்ளத்தான் இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. பச்சைக்குழந்தைக்கு நரம்பு முதிரவில்லை, வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று 1980-கள் வரை பல டாக்டர்கள் நம்பினார்கள். மயக்க மருந்தை அந்தச் சின்ன உடம்பு தாங்குமா என்ற பயமும் இருந்தது. அது நியாயமான பயம். அதனால் குறைமாதப் பிள்ளைகளுக்குத் தசை அசையாமலிருக்க ஒரு மருந்தும் லேசாக மயக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடு கொஞ்சமும் மட்டும் கொடுத்து, நெஞ்சைத் திறந்து ரத்தக்குழாயைக் கட்டியிருக்கிறார்கள். தசையே அசையாத பிள்ளை எப்படியம்மா அழும்?

கன்வல்ஜீத் ஆனந்த் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளுக்கு, உடம்பு அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் அவ்வளவாக ஏறவில்லை. பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு. 1987-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதற்கப்புறம் பழைய வழக்கத்துக்குச் சாக்குச் சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

இப்போது வலியை அளக்க முறைகள் வந்துவிட்டன. புருவம் புடைப்பது, கண்ணை இறுக்கி மூடுவது, மூக்கோரம் விழும் மடிப்பு, இதயத்துடிப்பு எல்லாம் பார்த்து நர்ஸ் மதிப்பெண் போட்டு வைத்திருப்பார். ரவுண்ட்ஸ் போகும்போது தையலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சார்ட்டை வாசி. எண் ஏறியிருந்தால், மருந்து போதுமா என்று அங்கேயே நின்று கேள். நீ பெரிய டாக்டரான பிறகும் கேள்.

சேர்ந்ததும் எழுது.

அம்மா