கொம்பைச் சீவச் சொன்னார்கள், மக்கா

தக்கலை

அன்புள்ள மக்கா,

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. நம்ம கூட்டாளி கொக்கு இருக்கிறானே, அவன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நீ வராவிட்டால் அவன் துபாய்க்கே வந்து உன்னை இழுத்துக்கொண்டு வருவான். இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டுவதை அங்கே வைத்துக்கொள்வோம். இப்போது வேறு விஷயம்.

போன வாரம் ஒரு நல்ல ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மார்த்தாண்டம் பக்கம் ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிறவர். முதுகில் பித்தளை வைத்த சின்ன ரம்பம் மொத்தமாகக் கேட்டார், விலையும் படிந்தது. கடைசியில் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குவே மேலேயும் கீழேயும் இந்தக் கொம்பு? சீவிக் களையும், விலையும் குறையும்லா" என்றார்.

பிடியின் மேல்முனையும் கீழ்முனையும் கொம்பு மாதிரி நீண்டிருப்பதை அலங்காரம் என்று நினைத்துவிட்டார், மக்கா. ரம்பத்தைத் தள்ளும்போது கை மேலே ஏறப் பார்க்கும். மேல்கொம்பு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதைமேல் உட்கார்ந்து அதைத் தடுக்கும். திரும்ப இழுக்கும்போது கீழ்க்கொம்பு கையைத் தாங்கும். பிடிக்குள் மூன்று விரல்தான் போகும். சுட்டுவிரல் வெளியே நீண்டு வெட்டு போகவேண்டிய திசையைப் பார்த்து நிற்கும். நாலு விரலும் நுழைகிற மாதிரி பிடியைப் பெரிதாக்கினால் ரம்பம் கைக்குள் புரளும். நான் பூவரசில் செய்கிறேன். பிடி மெலிகிற இடத்தில் மர ரேகை நெடுக ஓடுகிற மாதிரி பார்த்து வெட்டவேண்டும், குறுக்கே ஓடினால் கீழே விழுந்த அன்றைக்கே அங்கே உடையும்.

இங்கிலீஷ்காரன் வடிவத்தை ஏன் கட்டி அழுகிறாய் என்று நீ கேட்பாய், தெரியும். ஆசான் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, தன் பக்கமாக இழுத்து அறுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அந்த ரம்பத்தில் பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இழுக்கும்போது தகடு விறைத்து நேராக நிற்கும், தனியாக முதுகு வேண்டாம். மேசைமுன் நின்று தள்ளி அறுக்கிறவனுக்கு அரை மில்லிமீட்டர் தகடு நெளிந்துவிடும். அதற்காகத்தான் பித்தளைப் பட்டையை மடித்து முதுகில் கவ்வவிட்டார்கள். அந்தக் கனமே வெட்டையும் கீழே இறக்கிக்கொடுக்கும். இரண்டுமே வேலை செய்கிற உடம்பைப் பார்த்து வந்த வடிவம். என் பட்டறைக்கு வருகிறவர்கள் நின்றுதான் அறுக்கிறார்கள்.

பழசு எல்லாவற்றையும் நான் கும்பிடவில்லை. பழைய இங்கிலீஷ் கைரம்பங்களில் நுனிப்பக்கம் முதுகில் சின்னதாக ஒரு முனை துருத்திக்கொண்டிருக்கும். எதற்கென்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், ஒன்றும் நிலைக்கவில்லை. அதை நான் வைக்கமாட்டேன். பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்துக் கூரையில் 90 பூ செதுக்கியிருக்கிறார்களே, அது கண் பார்க்கச் செய்தது, அழகே போதும். நாள் முழுக்கக் கையில் பிடிக்கிற சாமானிடம் நான் காரணம் கேட்பேன். கொம்புக்குக் காரணம் இருக்கிறது.

இன்று காலையில் ஒரு ரம்பத்துக்குப் பல் ராவினேன். அங்குலத்துக்கு 15 பல். தட்டை அரத்தை முதலில் பல் நுனிகள்மேல் நெடுக ஓட்டினால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். பிறகு முப்பட்டை அரத்தால் பள்ளம் பள்ளமாக ராவிக்கொண்டே போகவேண்டும், புள்ளி மறைகிற நொடியில் நிறுத்தவேண்டும். ஒரு தள்ளு கூடிப்போனால் அந்தப் பல் குட்டையாகி, பக்கத்துப் பல் அதன் வேலையையும் சுமக்கும். பக்கத்து வேளிமலையில் மேகம் ஏறினால் வெளிச்சம் மங்கி, புள்ளி கண்ணுக்குப் படாது. அரத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆர்டர் போனதில் வீட்டில் அவளுக்கு வருத்தம்தான். பையனுக்கு ஃபீஸ் கட்டுகிற மாதம். எனக்கும் அந்தப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் கொம்பில்லாத ரம்பத்தை வேலை பழகுகிற ஒரு பையன் பிடிப்பான், கை கொப்புளிக்கும், கைரம்பம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்து மெஷின் பக்கம் போய்விடுவான். அந்த ரம்பம் என் பட்டறையிலிருந்து போகக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, பிளைவுட்டும் மெஷினுமாக அங்கே உன் கை எல்லாம் மறந்திருக்கும். கட்டைவிரலை விட்டு, நாலு விரலுக்கும் குறுக்கே உள்ளங்கை அகலத்தை அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கல்யாணத்துக்கு நீ வரும்போது ஒன்று செய்து வைக்கிறேன். டிக்கெட் போட்டதும் கொக்குக்கு ஒரு போன் செய்.

உன்,
மணி