ரிஸ்டோ ரூத்திக்கு, ஒரு கையெழுத்தைப் பற்றி

மதிப்பிற்குரிய ரூத்தி ஐயா,

முப்பது வருடம் வங்கியில் கடன் பத்திரம் பார்த்தே பிழைத்தவன் நான். பத்திரத்தில் 'நான்' என்று எழுதியிருந்தால் ஆளோடு போச்சு; 'கம்பெனி சார்பில்' என்று இருந்தால் ஆள் மாறினாலும் பாக்கி நிற்கும். அந்தப் பழக்கத்தால்தான், 1944 ஜூன் 26 அன்று பின்லாந்து ஜனாதிபதியாக நீங்கள் ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தில் என் கண் நின்றுவிட்டது.

நீங்களும் வங்கிக்காரர். ஹுயித்தினென் ஊர் விவசாயி மகன், சட்டம் படித்து, 35 வயதுக்குள் பின்லாந்து வங்கியின் கவர்னர். 1926இல் மார்க்கா நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்தது தனிக்கதை. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லை தாண்டியது. மறுநாளே நீங்கள் பிரதமர். 1940 மார்ச்சில் மாஸ்கோ போய், நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்கள். அந்தச் சமாதானத்துக்குச் சம்மதம் தரும்போது, இதில் கையெழுத்திடும் கை விளங்காமல் போகட்டும் என்றாராம் ஜனாதிபதி கல்லியோ. சில மாதத்தில் பக்கவாதம் வந்து அவர் கை நிஜமாகவே விழுந்தது. டிசம்பரில் அவர் நாற்காலிக்கு நீங்கள் வந்தீர்கள்.

1941இல் ஜெர்மனியோடு சேர்ந்ததை நான் பூசி மெழுக மாட்டேன். இழந்த நிலத்தை மீட்டதோடு நிற்காமல், பழைய எல்லையையும் தாண்டி, சோவியத் மண்ணான கிழக்குக் கரேலியாவுக்குள் படை போனது உங்கள் காலத்தில்தான்.

ஆனால் அந்த 1944 ஜூன்! 20ஆம் தேதி வீபுரி நகரம் சோவியத் படையிடம் விழுந்தது. 22ஆம் தேதி ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் உங்கள் தலைநகர் ஹெல்சின்கிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆயுதம் வேண்டுமா? ஜெர்மனியை விட்டுத் தனியாகச் சமாதானம் பேச மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். ஒப்பந்தம் என்று போட்டால் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும், அப்புறம் நாடே மாட்டிக்கொள்ளும். நீங்கள் கடிதமாக எழுதினீர்கள். ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டாலும் வாக்கு முழுக்க 'நான்'தான்: ஜெர்மனி ஒப்பாமல் நான் சமாதானம் செய்ய மாட்டேன், நான் நியமித்த அரசையும் செய்ய விட மாட்டேன்.

டாங்கியை உடைக்கும் ஆயுதங்கள் வந்தன. தாலி-இஹந்தாலா சண்டையில் சோவியத் படையின் முன்னேற்றம் நின்றது. கோபத்தில் அமெரிக்கா தூதரக உறவை முறித்தது. ஆகஸ்ட் 1 அன்று நீங்கள் ராஜினாமா செய்தீர்கள். 'நான்' போய்விட்டதா, சரி. 4ஆம் தேதி ஜனாதிபதியான படைத்தளபதி மன்னர்ஹைம், அந்த வாக்கு தன்னைக் கட்டாது என்று ஜெர்மானியரிடம் சொல்லிவிட்டார். செப்டம்பர் 19இல் சோவியத்தோடு போர்நிறுத்த ஒப்பந்தம்.

எங்கள் கிளையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் தில்லுமுல்லு என்றுதான் எழுதியிருப்பேன். இன்றும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பாதியை வாயடைக்க வைப்பது அடுத்து நடந்ததுதான். 1945இல், போருக்குப் பொறுப்பான தலைவர்களைத் தண்டிக்க, நடந்து முடிந்த காரியங்களுக்காகவே புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். வக்கீலான உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1946 பிப்ரவரியில் உங்களுக்கு 10 வருடக் கடுங்காவல். மன்னர்ஹைம் கூண்டில் ஏறவே இல்லை.

1949இல், உடம்பு உடைந்திருந்த உங்களுக்கு மன்னிப்பு வந்தது. கொடுத்தவர் ஜனாதிபதி பாசிகிவி. 1940 மாஸ்கோ ஒப்பந்தத்தில் உங்களோடு கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் அடியில்தான் பார்த்திருப்பீர்கள். வங்கிக்காரன் பழக்கம், எங்கே விடும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரன்