நம் இசை ரசிகர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, காலையிலேயே ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்திலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

சட்டப்படி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த பொதுக்கூட்டத்தின் குறிப்பும் தணிக்கை செய்த கணக்கும் 60 நாள் கெடுவுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. செயலவை ஆறு முறை கூடியது. மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டார், ஆனாலும் சந்தாவை நிறுத்தவில்லை. தைப்பூச வாரத்தில் பாதிப் பேர் தண்ணீர்மலைப் பக்கம் பந்தல் வேலைக்குப் போய்விட்டதால் ஜனவரிக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி இந்த ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஜர்னி என்ற ராக் இசைக்குழுவில் பாடி, பிறகு அதைவிட்டுப் போன ஸ்டீவ் பெர்ரியைத்தான் சொல்கிறேன். 2024 ஜனவரி 22ஆம் தேதி அவருக்கு 75 வயது நிறைந்தது. அவருடைய முதல் தனி ஆல்பம் 1984 ஏப்ரலில் வந்தது. அதற்கு 40 வயது. இரண்டுக்குமாகச் சேர்த்து ஏப்ரலில் ஒரு மாலை ஏற்பாடு செய்தோம். ஒரே மாலையோடு முடியும் என்றுதான் நினைத்தேன். டிசம்பர் வரை பேச்சு ஓயவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஜர்னி 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழு. கிட்டார் நீல் ஷோன், கீபோர்டு கிரெக் ரோலி, இருவரும் சந்தானாவின் குழுவில் இருந்தவர்கள். முதல் மூன்று ஆல்பங்களில் வாசிப்பு அபாரமாக இருந்தது, விற்பனைதான் இல்லை. அப்போது பெர்ரி இன்னொரு சிறு குழுவில் இருந்தார். பதிவு ஒப்பந்தம் கைக்கு எட்டும் நேரத்தில் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். இனிப் பாட்டே வேண்டாம் என்று பெர்ரி ஊருக்குத் திரும்பிவிட்டார். அவசரப்படாதே, ஏதாவது நடக்கும் என்று தேற்றியவர் அவருடைய அம்மா. 1977இல் ஜர்னி அவரைக் கூப்பிட்டது. 1981இல் அவர்களுடைய 'எஸ்கேப்' அமெரிக்காவில் முதலிடத்தில் நின்றது.

அந்த ஆண்டுகளில் நம்மில் பலர் பள்ளிப் பிள்ளைகள். வீட்டில் அப்பா வைக்கும் தமிழ்ப் பாட்டு ஒரு பக்கம், அண்ணன் நண்பனிடம் இரவல் வாங்கிவந்து பதிந்த கேசட் ஒரு பக்கம். அட்டையில் பேனாவால் எழுதிய பெயர்தான் இருக்கும், அதுவும் பிழையாக இருக்கும். பாடுபவரின் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. குரலை மட்டும் நம்பி ஒருவர்மேல் பாசம் வைத்த தலைமுறை நாம். அது இன்றுவரை விட்டுப்போகாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் மாலைக்கு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம். கர்நாடக சங்கீதம் கற்ற நம் அக்கா ஒருவர் முதலில் பேசினார். பெர்ரி மேல் ஸ்தாயியில் சிரமமில்லாமல் நிற்கிறார் என்பதை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் கேட்க வேண்டியது அதையல்ல என்றார். ஒரு சொல்லை ஒரே சுரத்தில் போட்டுவிட்டுப் போகாமல், இரண்டு மூன்று சுரங்களில் இழைத்து, கடைசியில் மெதுவாக இறக்கிவைக்கும் இடத்தைக் கேளுங்கள் என்றார். அந்த இழைப்பு பழைய அமெரிக்கப் பாடகர் சாம் குக்கிடமிருந்து வந்தது. பெர்ரியே சிறுவயதிலிருந்து அவரை ஆசானாக நினைத்துக் கேட்டவர். அக்கா முதலில் சாம் குக்கையும் அடுத்துப் பெர்ரியையும் போட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த இளைஞர்கள்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் அந்தக் கோளாறு. மண்டபத்தின் இடதுபக்க ஒலிபெருக்கி பாதி மாலையில் அடங்கிவிட்டது. சரிசெய்ய ஆள் இல்லை. வலதுபக்கம் மட்டும் ஓடியது. ஸ்டீரியோவில் பாடகரின் குரலை நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் சமமாக வரும். அதனால் பெர்ரியின் குரல் முழுசாகக் கேட்டது. ஆனால் இடதுபக்கம் வைத்திருந்த வாத்தியங்கள் போய்விட்டன. அவருடைய தீவிர ரசிகர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பெர்ரி இல்லாத ஜர்னியை அவர் ஜர்னி என்றே சொல்ல மாட்டார். இரண்டாவது பாட்டில் அவர்தான் எழுந்து, "என்னப்பா, கிட்டார் எங்கே? கிட்டார் இல்லாமல் என்ன பாட்டு?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அவர் கேட்டதை எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான் மே, ஜூலை மாதங்களின் நீண்ட பேச்சு. பெர்ரி ஏன் குழுவைவிட்டுப் போனார், யார்மேல் தவறு? தெரிந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தோம். 1986 ஆல்பத்தின் வேலை நடந்தபோது அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். பெர்ரி ஸ்டூடியோவுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். ஆல்பம் முடியும் முன்பே அம்மா இறந்துவிட்டார். அதோடு ஒரு சுற்றுப்பயணம் போய்விட்டு, களைத்துப்போய்விட்டேன் என்று 1987இல் ஒதுங்கிக்கொண்டார். 1996இல் மறுபடியும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள், நன்றாக ஓடியது. சுற்றுப்பயணம் புறப்படும் முன் ஹவாயில் மலையேறப் போன இடத்தில் இடுப்பில் தாங்க முடியாத வலி. மூட்டு தேய்ந்துபோயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் அறுவைக்கு உடனே சம்மதிக்கவில்லை. குழு காத்திருந்தது, பிறகு காத்திருக்க முடியாது என்றது. 1998இல் ஸ்டீவ் ஓஜெரி என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டது.

செயலாளர் என்ற முறையில் இல்லாமல் ஒரு ரசிகனாகச் சொல்கிறேன். எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் குழுவின்மேல் கோபம் இருந்தது. உடம்புக்கு முடியாதவரை விட்டுவிட்டுப் போவதா என்று. ஜூலைக் கூட்டத்தில் பிறையிலிருந்து வரும் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை என்னை அசைத்தது. அவர் கல்யாண வீடுகளில் வாசிக்கும் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். "தம்பி, பாடகர் வரவில்லை என்றால் மற்ற நாலு பேருக்கும் அன்றைக்கு வேலை இல்லை. அதைப் பாட்டுக் கேட்கிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இடுப்பு எலும்பை அறுக்கப் பயந்தவரும் பாவம், வாசிக்க ஏங்கியவர்களும் பாவம். இப்போது எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

ஓஜெரியைப் பற்றியும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பெர்ரி விட்டுப்போன இடத்தில் ஏறக்குறைய எட்டு ஆண்டு நின்று பாடி, தொண்டை கெட்டு 2006இல் விலகினார். அவருக்காக யாரும் விழா எடுப்பதில்லை. வரும் ஆண்டில் நாம் ஒரு மாலை எடுக்கலாம் என்று செயலவை பரிந்துரைக்கிறது.

ஓஜெரிக்குப் பிறகு ஜெஃப் ஸ்காட் சோட்டோ என்பவர் கொஞ்ச காலம் பாடினார். அவருக்கு அடுத்து வந்தவர் நம் பக்கத்து நாட்டுக்காரர். மணிலாவின் ஆர்னெல் பினேடா. பதின்மூன்று வயதில் அம்மாவை இழந்து, பூங்காவில் படுத்துறங்கிய பிள்ளை. பிறகு மணிலாவிலும் ஹாங்காங்கிலும் கிளப்புகளில் மற்றவர்களின் பாட்டைப் பாடிப் பிழைத்தார். 2007இல் நீல் ஷோன் யூடியூப்பில் அவர் பாடுவதைப் பார்த்து மின்னஞ்சல் அனுப்பினார். யாரோ விளையாடுகிறார்கள் என்று பினேடா முதலில் நம்பவில்லை. விசாவுக்குப் போனபோது, நீங்களா ஜர்னியில் பாடப்போகிறீர்கள், எங்கே ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று கேட்ட அதிகாரிக்கு அங்கேயே நின்று பாடிக் காட்டினார். பினாங்கு, கோலாலம்பூர் ஹோட்டல்களில் பிலிப்பினோ பாடகர்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. பத்து மேசையில் எட்டு மேசை சாப்பாட்டில் கவனமாக இருக்கும், அவர்கள் முழு மனதோடு பாடிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் மேடை ஏறினார் என்பது எனக்குச் சொந்தக்காரர் ஜெயித்ததுபோல இருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. இனி நம் கூட்டங்களில் ஜர்னி என்றால் பெர்ரி பாடியவற்றை மட்டுமே போட வேண்டும் என்பது தீர்மானம். முன்மொழிந்தவர், ஏப்ரலில் கிட்டாரைத் தேடிய அதே அண்ணன். இருபக்கமும் காரசாரமாகப் பேசினார்கள். பேச்சின் நடுவே, புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி 2017 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த ராக் அண்ட் ரோல் புகழ் மண்டப விழாவின் காணொளியைப் போட்டுக் காட்டினாள். பெர்ரி மேடைக்கு வருகிறார், பழைய தோழர்களைக் கட்டிப்பிடிக்கிறார், பேசுகிறார். ஒவ்வோர் இரவும் மனதைக் கொட்டிப் பாடுகிறவர் என்று பினேடாவின் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறார். ரசிகர்களைப் பார்த்து, நான் நீண்ட காலம் விலகி இருந்தாலும் நீங்கள் என் மனதைவிட்டுப் போனதில்லை என்கிறார். அன்று அவர் பாடவில்லை. பாடியவர் பினேடா. தீர்மானம் தோற்றது. முன்மொழிந்த அண்ணன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். அது அவருடைய உரிமை. அடுத்த மாதமும் அவர்தான் எல்லாருக்கும் வடை வாங்கிவந்தார்.

நடுவில் ஜூன் கூட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை வேண்டுமென்றேதான் தனியாக வைத்தேன். நம் ஊரில் 1960களின் இறுதியில் பிறந்த அல்லிகேட்ஸ் குழுவின் லோகநாதன் 2007 ஜூனில் நம்மைவிட்டுப் போனார். நுரையீரல் புற்றுநோய். அவர் போனது இன்னொரு வகைப் போக்கு, திரும்பி வர வழியில்லாத போக்கு. அவருடைய அண்ணன் டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைக்காமல் தொடர்ந்து பாடினார். பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் இருவர் மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர்களும் 1970களில் ஹாங்காங் கிளப்புகளில் பாடிப் பழகியவர்கள்தான். அன்று லோகா பாடியவற்றை மட்டும் ஒரு மணி நேரம் கேட்டோம். பேச்சு எதுவும் வைக்கவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, தம்பி பாடிய பாட்டை அண்ணன் மேடையில் பாடுவது எவ்வளவு கனமான வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதே ஐயாதான் அக்டோபர் கூட்டத்தையும் நடத்திக்கொடுத்தார். பெர்ரி 2018 அக்டோபரில் வெளியிட்ட 'டிரேசஸ்' ஆல்பத்தை முழுக்கக் கேட்டோம். 1994க்குப் பிறகு அவர் செய்த முதல் தனி ஆல்பம், 24 ஆண்டு இடைவெளி. அவர் திரும்பி வந்ததன் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். புற்றுநோயோடு போராடிய அவரைப் பெர்ரி நேசித்தார். நான் போய்விட்டால் மறுபடியும் தனிமைக்குள் ஒளிந்துகொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்று அந்தப் பெண் கேட்டு வாங்கினார். 2012 டிசம்பரில் அவர் இறந்தார். 2014 மே மாதம் மினசோட்டாவின் செயிண்ட் பால் நகரில் ஈல்ஸ் என்ற குழுவின் மேடையில் பெர்ரி திடீரென்று ஏறிப் பாடினார். அன்று அரங்கில் இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். குரல் பழையபடி இல்லை. கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது. எனக்கு அது இன்னும் நெருக்கமாக இருந்தது. ஐயாவின் துணைவியார் காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. நம் வட்டத்துக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்று அன்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சில்லறை விஷயங்கள் சில. ஏப்ரல் அனுபவத்துக்குப் பிறகு, பழையது ஆனால் நல்ல நிலையில் உள்ள ஒலிபெருக்கி ஒரு ஜோடி வாங்கிவிட்டோம். இனி எந்த மண்டபத்தையும் நம்ப வேண்டியதில்லை. கேசட் பெட்டி ஒன்றை ஓர் உறுப்பினர் அன்பளிப்பாகத் தந்தார். பூஞ்சை பிடித்த சிலவற்றைத் தவிர மற்றவை ஓடுகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றித் தர இளைஞர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பாட்டு அல்லாத செய்திகளை அனுப்ப வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. கடந்த ஜனவரியில் பெர்ரியின் 75ஆவது பிறந்தநாளுக்கு நாம் எல்லாரும் தமிழில் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டையை அவருடைய பதிவு நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்றும் சொல்ல முடியாது. பரவாயில்லை, இந்த ஆண்டும் அனுப்புகிறோம். இம்முறை டிரம்ஸ் அண்ணன் சொன்னபடி, ஷோனுக்கும், ரோலிக்குப் பின் ஜர்னியில் கீபோர்டு வாசித்த ஜொனாதன் கேய்னுக்கும், பினேடாவுக்கும் சேர்த்து இன்னோர் அட்டையும் வாங்கியிருக்கிறேன். இரண்டும் வாசல் பக்கத்து மேசையில் பேனாவோடு இருக்கின்றன. 22ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் நாளைக்கே தபாலில் சேர்க்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போங்கள்.

செயலாளர்
பினாங்கு, ஜனவரி 2025