கன்னச் சிவப்பும் ஒரு சீரமும்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் எனக்கு உன் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. இனி அவள் பின்னால் நீதானே ஓட வேண்டும்! இங்கே எல்லோரும் நலம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், அதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, உன் கன்னத்துக்கு வருகிறேன். முகம் கழுவினாலே சிவந்து எரிகிறது, எந்த சீரம் (மாய்ஸ்சரைசருக்கு முன்னால் பூசும் அந்தச் சொட்டுத் திரவம்) வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். சீரம் உதவும்தான். ஆனால் இப்போது பூசிக்கொண்டிருப்பதை எல்லாம் கொஞ்ச நாள் நிறுத்துவது அதைவிட அதிகமாக உதவும். நுரை பொங்கும் ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், காலையில் வைட்டமின் சி, ராத்திரி ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ. அம்மாடி, இத்தனையும் ஒரே முகத்துக்கா?

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செராமைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் கலந்த ஒரு பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும், வெளியிலிருந்து வரும் எரிச்சலைத் தடுப்பதும் அதுதான். அது தேய்ந்துபோனால் வெறும் தண்ணீர்கூட எரியும், ரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கும். பிஎச் என்பது அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று போகும். அஸ்கார்பிக் அமிலம் உள்ள வைட்டமின் சி சீரமோ பெரும்பாலும் 3.5-க்குக் கீழே. நல்ல தோலையே சுருக்கென்று குத்தும் அதை, ஏற்கெனவே கன்றிப்போன கன்னத்தில் தினமும் தடவினால் என்ன ஆகும்? ஒரு மாதம் எல்லாவற்றையும் ஓரமாக வை. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் ஆகும்.

அப்புறம் சீரம். நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) இருப்பதை முதலில் தேடு. தோல் செராமைடு தயாரிக்க அது கைகொடுக்கும். 2 முதல் 5 சதவீதம் போதும். 10 சதவீதம் என்று பெரிதாக எழுதி விற்பதை நம் மாதிரி தோல்காரர்கள் தொடாமல் இருப்பதே நல்லது; சிலருக்கு அதுவே முகத்தைச் சிவக்க வைக்கிறது. கூடவே பாந்தெனால், அலன்டாயின், வல்லாரைச் சாறு (சென்டெல்லா என்று போட்டிருக்கும்) இருந்தால் இன்னும் நல்லது. இவை எல்லாம் சாதுவானவை. அசெலயிக் அமிலம் சிவப்புக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் ஆரம்பத்தில் அரிப்பும் குறுகுறுப்பும் தரும். அதனால் எரிச்சல் அடங்கிய பிறகு, அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

வாசனை வேண்டவே வேண்டாம். 'மணம் தெரியாது' (unscented) என்று எழுதியிருந்தாலே வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை, மூல வாடையை மறைக்கவே சிலவற்றில் அதைச் சேர்க்கிறார்கள். லாவெண்டர், புதினா எண்ணெய்களும் வேண்டாம். 'இயற்கை' என்ற முத்திரையைப் பார்த்து மயங்காதே, எரிச்சல் தருபவற்றில் பல இயற்கையிலிருந்து வந்தவைதான்.

வாங்கியதும் முகத்துக்குக் கொண்டு போகாதே. முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஏழிலிருந்து பத்து நாள் தடவிப் பார். தடிப்போ அரிப்போ வராவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவி, ஈரம் முழுசாகக் காயும் முன் சில சொட்டு. தேய்க்காமல் ஒற்று. மேலே மாய்ஸ்சரைசர். பகலில் துத்தநாக ஆக்சைடு உள்ள எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். வெயிலை விட்டுவிட்டுச் சீரத்தை மட்டும் நம்பினால் காசுக்குத்தான் கேடு.

உனக்காவது சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறது. என் மாநிறத்தில் அது மங்கிய பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். கை வைத்துப் பார்த்துச் சூட்டையும் எரிச்சலையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். உன் நாத்தனார் கொடுத்த அந்த டியூப் ஸ்டீராய்டு கிரீம். இன்னும் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், அப்படியே குப்பையில் போடு. ரெண்டே நாளில் முகம் தெளிந்த மாதிரி இருக்கும். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

இன்னொன்று. சூடாக எதையாவது குடித்தாலோ வெயிலில் போனாலோ முகம் குப்பென்று சிவந்து அடங்க நேரமாகிறதா? மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிகின்றனவா? கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா? அப்படி இருந்தால் அது ரோசேசியா என்ற, முகத்தைச் சிவக்க வைக்கும் நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். சீரத்தோடு நிற்காது, தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண் உறுத்தல் இருந்தால் தள்ளிப் போடாதே. முழுசாகப் போய்விடும் என்று சொல்ல முடியாவிட்டாலும் மருந்தில் நன்றாகவே கட்டுப்படும்.

எதை வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். கையால் எழுதி அனுப்பிவிடாதே, உன் கையெழுத்தில் நியாசினமைடைக் கண்டுபிடிக்க என்னால் ஆகாது.

அன்புடன்,
வசந்தி