ஒயரை அறுத்தால் அடிக்கும் மணி

அன்புள்ள செல்வராஜ்,

உன் மெயில் வந்து இருபது நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மதுரைக்கு நாலு நடை போய் வந்ததில் எழுத உட்காரவே முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமல் பேப்பர் தலைப்பைப் படிக்கிறார்கள், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் தெருவில் பூட்டியிருந்த வீட்டுக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு கனத்துவிட்டது. நகையையாவது மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், அந்த அம்மா தனியாக இனி அந்த வீட்டில் எப்படித் தூங்குவார்கள்? நம்ம வீட்டுக்கும் ஓர் அலாரம் மாட்டலாமா, எது நல்லது என்று கேட்டிருந்தாய். கம்பெனி பெயர் எதுவும் சொல்லமாட்டேன். மாட்ட வருகிறவனிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "தம்பி, இந்த ஒயரை அறுத்துவிட்டால் என்ன ஆகும்?" அவன் சொல்கிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அலாரம் மாட்டுகிற இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓர் அடகுக்கடைக்கு சர்வீஸ் பார்க்கப் போயிருந்தேன். யாரோ முன்னால் மாட்டிவிட்டுப் போன அலாரம். ஷட்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச், லாக்கர் அறைக் கதவில் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் பெரிய பெல். கதவைத் திறந்தேன், சத்தமே இல்லை. பரணில் ஏறி கேசிங் மூடியைக் கழற்றினால், உள்ளே எலி ஒயரை இரண்டு இடத்தில் கடித்துத் துண்டாக்கியிருந்தது, செம்பு நுனியில் பச்சை பூத்திருந்தது. அப்படிப் பூக்க எத்தனை மாசம் ஆகும் என்று உனக்கே தெரியும். அத்தனை மாசமும் அந்த முதலாளி ராத்திரி பூட்டிவிட்டு, மணி அடிக்கவில்லை, ஆகவே யாரும் வரவில்லை என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறார். கீழே இறங்கி அவரிடம் சொல்லும்போது எனக்குக் கை நடுங்கியது.

இந்தக் குறை அலாரம் பிறந்த அன்றே கூடப் பிறந்தது. சமீபத்தில் இதன் பழைய கதையை உட்கார்ந்து படித்தேன், உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் சாமர்வில் என்று ஓர் ஊர். அங்கே அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்று ஒரு பாதிரியார். மின்சார விளக்கு வீடுகளுக்கு வரவே இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது, தெருவில் கேஸ் விளக்கு எரிகிற காலம், அப்போது 1853 ஜூன் 21-ல் இவர் மின்சாரத் திருட்டு மணிக்குப் பேட்டன்ட் வாங்குகிறார். ஆகாயத்திலிருந்து வந்த யோசனை இல்லை அது. ஜோசப் ஹென்றி என்பவர் 1831 வாக்கிலேயே ஆல்பனியில் ஒரு மைல் நீள ஒயரைச் சுவர் சுவராகச் சுற்றிவிட்டு, அந்தக் கடைசியில் மின்காந்தத்தால் மணியடித்துக் காட்டியிருந்தார். பாஸ்டன் நகரம் 1852-லேயே தீ விபத்தைத் தந்தி வழியாக அறிவிக்க ஆரம்பித்துவிட்டது. போப் அதே மின்காந்தத்தைக் கதவிலும் ஜன்னலிலும் கொண்டுபோய் வைத்தார். கதவு திறந்தால் இரண்டு தகடு தொட்டுக்கொள்ளும், சர்க்யூட் பூர்த்தியாகும், காந்தம் இழுத்து இழுத்து விட, சுத்தி பித்தளை மணியில் அடிக்கும். நம்ம ஐ.டி.ஐ.யில் முதல் வருஷம் மரப்பலகையில் ஆணியடித்துச் செய்தோமே காலிங் பெல், அதேதான்.

அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. திருடன் மணிச் சத்தம் கேட்டதும் சட்டென்று கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? சர்க்யூட் அறுந்து மணி நின்றுவிடுமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கதவுக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் இன்னொரு தொடுப்பு, ஒரு தடவை விழுந்தால் விழுந்ததுதான், கதவைச் சாத்தினாலும் மணி விடாது. இன்றைக்கு நாம் லாட்ச் ரிலே (காந்தத்தால் இயங்கி, ஒரு தடவை இழுத்தால் அப்படியே நிற்கிற சுவிட்ச்) போட்டுச் செய்வதை அவர்கள் ஒரு ஸ்பிரிங்கை வைத்தே முடித்துவிட்டார்கள்.

போப் கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார், 1858-ல். அதற்கு முந்தின வருஷம் அந்தப் பேட்டன்ட்டை எட்வின் ஹோம்ஸ் என்ற வியாபாரி வாங்கியிருந்தார். பாஸ்டனில் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார், பெரிதாக ஓடவில்லை. சரி, திருட்டுப் பயம் எங்கே அதிகமோ அங்கே போவோம் என்று 1859-ல் நியூயார்க்குக்கே குடிபோய்விட்டார். நினைத்துப் பார், மின்சாரம் என்றாலே தந்தி ஆபீஸில் டக்டக்கென்று அடிக்கிற ஏதோ ஒன்று என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும், அவர்களிடம் போய் உங்கள் படுக்கையறையில் ஒரு பெட்டி வைக்கிறேன், எந்த ஜன்னல் திறந்தாலும் அது சொல்லும் என்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் அந்த மனுஷன் விடவில்லை. பேர் வாங்கியவர் ஹோம்ஸ்தான், போப்பை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். போப்பின் மணி நாம் சொல்கிற என்.ஓ., அதாவது நார்மலி ஓப்பன் வகை. சாதாரணமாக ஒயரில் கரன்ட் ஓடாது, கதவைத் திறந்தால்தான் ஓடும். ஒயர் அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் அமைதி, எல்லாம் நன்றாக இருந்தாலும் அமைதி. அடகுக்கடை எலி செய்த வேலையை ஒரு கத்தரிக்கோல் வைத்துத் திருடனும் செய்யலாம். அப்புறம்தான் தலைகீழாக யோசித்தார்கள்: ராப்பகலாகக் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ரிலே காந்தம் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும், எங்கே அறுந்தாலும் பிடி விட்டு மணி அடிக்கட்டும். மணிக்குத் தனி பேட்டரி இருந்தால், ஒயருக்குக் கரன்ட் தருகிற பேட்டரி தீர்ந்தாலும் தானே அடிக்கும். என்னைக் கேட்டால் மணியைக் கண்டுபிடித்ததைவிட இதுதான் பெரிய காரியம்.

ஆனால் ராப்பகல் கரன்ட் ஓட பேட்டரி தாங்க வேண்டுமே. காலிங் பெல்லுக்கு ஓடுகிற லெக்லாஞ்சே செல் 1866-ல் வந்தது, அது கொஞ்சம் வேலை செய்து நிறைய ஓய்வெடுக்கிற ஜாதி, இழுத்துக்கொண்டே இருந்தால் தளர்ந்துவிடும். இதற்கு ஏற்றது தந்தி ஆபீஸ்களில் இருந்த கண்ணாடி ஜாடி பேட்டரி. அடியில் செம்புத் தகடு, அதன் மேல் மயில்துத்தக் கட்டி, மேலே தண்ணீர், வாயில் காக்கைக் கால் மாதிரி விரிந்த துத்தநாகம். கீழே பாதி மயில் கழுத்து நீலம், மேலே பாதி தெளிந்த நீர், நடுவில் கோடு போட்டது மாதிரி ஓர் எல்லை. தடுப்பு எதுவும் கிடையாது, கனமான கரைசல் கீழே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இதில் அதிசயம் என்ன தெரியுமா, கரன்ட் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அந்தக் கோடு நிற்கும். சும்மா விட்டால் நீலம் மெல்ல மேலே ஏறி துத்தநாகத்தில் செம்பு கறுப்பாகப் படிந்து ஜாடி கெட்டுப்போகும். ஓயாமல் ஓட வேண்டிய சர்க்யூட்டுக்கு ஓய்ந்தால் கெட்டுப்போகிற பேட்டரி, எப்படிப் பொருந்தியிருக்கிறது பார்.

இன்னொன்று, மணி வீட்டிலேயே அடித்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஒயரை ஊர் நடுவில் ஓர் அறைக்குக் கொண்டுபோய், அங்கே ராத்திரி முழுக்க ஆள் விழித்திருந்து, எந்தக் கடை என்று பார்த்து ஆள் அனுப்புகிற ஏற்பாடும் சீக்கிரமே வந்துவிட்டது. பங்கு விலையை நாடாவில் அடிக்கிற மெஷினை 1867-ல் செய்த எட்வர்ட் கலஹான் இதில் முன்னோடி. 1874-ல் அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப் கம்பெனி ஆரம்பித்தது, இன்றைக்கு ஏடிடி என்று போர்டு மாட்டுகிறார்களே, அவர்கள்தான். இந்த அலாரம் ஒயர்களில்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சே நடை பழகியது என்றால் நம்புவாயா? 1877 மே மாதம் ஹோம்ஸின் மகன் பாஸ்டன் வாஷிங்டன் தெரு 342-ல் இருந்த அலாரம் ஆபீஸில் கிரஹாம் பெல்லின் டெலிபோன்களை ஓர் அலமாரிப் பலகையில் வரிசையாக வைத்து, சில வங்கிகளை ஒன்றோடொன்று பேச வைத்தார். பகலில் பேச்சு, ராத்திரி அதே கம்பியில் காவல்.

இப்படி எப்போதும் கரன்ட் ஓடுகிற மூடிய சர்க்யூட்டையும் ஏமாற்ற முடியும், அதையும் தெரிந்துகொள். விஷயம் தெரிந்தவன் இரண்டு ஒயரையும் நடுவில் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்துவிட்டால் கரன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் நாம் ஒயரின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் (கரன்ட்டை அளவாகத் தடுக்கிற சின்னப் பொருள்) போடுகிறோம், அந்தத் தடை கூடினாலும் குறைந்தாலும் அலாரத்தின் மூளையான பேனல் கண்டுபிடிக்கும். உன் வீட்டுக்கு வருகிறவன் அந்த ரெசிஸ்டரைக் கதவுப் பக்கம் போடாமல் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போகப் பார்ப்பான், வேலை மிச்சம் என்று. நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார், விடாதே. ஒயர் இல்லாத வகை என்றால், சென்ஸார் ஒன்று பேசாமல் போனால் பேனல் தானாகச் சொல்லுமா என்று கேள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, ரெண்டு நாள் சேர்த்தே வா. அந்த ஜாடி பேட்டரியை நாமே செய்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஒரு ஜாடிக்கு 1 வோல்ட்தான் கிடைக்கும், ஏழு ஜாடியாவது வேண்டும், கண்ணாடி ஊறுகாய் ஜாடி வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் அதற்கப்புறம் ஊறுகாய்க்கு ஆகாது, மயில்துத்தம் விஷம். உரக்கடையில் ஒரு கிலோ நான் வாங்கி வைக்கிறேன். உன்னிடம் அந்தப் பழைய 6 வோல்ட் ரிலே இருந்ததே, பித்தளைக் கட்டை வைத்தது, அதை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
முருகேசன்