விண்வெளிப் படத்துக்குக் கீழே நாலு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் எடுத்த கரீனா நெபுலா என்ற விண்மேகத்தின் படத்தை ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். எத்தனை அழகு! செம்பழுப்பு மலைத்தொடராகத் தெரிவது தூசும் வாயுவும்தான். அதன் உயரமான சிகரம் ஏழு ஒளி ஆண்டு உயரம், அதாவது ஒளி ஏழு ஆண்டு போகிற தூரம். மேலேயுள்ள இளம் நட்சத்திரங்களின் கதிர்வீச்சு அரித்து அரித்து உண்டாக்கிய வடிவம் அது. ஆனால் இதில் எதையும் சொல்லாமல் 'விண்வெளி அதிசயம்' என்று மட்டும் எழுதி முடித்துவிட்டீர்களே!

நிறத்தைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். வெப் பதிவு செய்வது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அதில் நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகிய அலைகளுக்கு நீலமும் கொடுத்துப் படமாக்குகிறார்கள். அந்த ஒளி தூசியை ஊடுருவி வருவதால்தான், உள்ளே மறைந்திருக்கும் குழந்தை நட்சத்திரங்களும் தெரிகின்றன. இது தெரியாததால்தான் 'எல்லாம் கம்ப்யூட்டரில் போட்ட கலர்' என்று டீக்கடையில் பேசித் தள்ளிவிடுகிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. அமெரிக்காவின் பெரும்பகுதியில் இந்த நெபுலா அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நம் டெல்டாவில் வரும்! பங்குனியில் இரவு ஒன்பது மணி வாக்கில், அறுவடை முடிந்த வயல்வெளியில் தெற்கே பார்த்து நின்றால், சற்று மேற்கே சாய்ந்து அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். காவிரியைக் கமண்டலத்தில் கொண்டுவந்தாரென்று நாம் சொல்கிற அதே அகத்தியர்தான். அதற்கு இடப்பக்கம் நன்றாகத் தள்ளி, தாழ்வாக இருக்கிறது கரீனா நெபுலா. விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் பைனாகுலர் வைத்துப் பார்த்தால் மங்கலான புகைத்திட்டாகத் தெரியும். 7,600 ஒளி ஆண்டு தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் அது. எங்கே பார்ப்பது என்று பத்திரிகை சொன்னால், பள்ளிப் பிள்ளைகள் கட்டாயம் போய்ப் பார்ப்பார்கள்.

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு திரளாகப் போகிறோம். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை ஆண்டு ஆவதால்தான் ஒரு ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. அந்தச் சனியின் நிழலுக்குள் இருந்துகொண்டு, 2013 ஜூலை 19 அன்று காசினி விண்கலம் எடுத்த படம் இருக்கிறது. நிறமும் இயற்கையானதே. வளையங்களுக்குக் கீழே, 144 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், பூமி ஒரு வெளிர்நீலப் புள்ளி. அடுத்த சனிப்பெயர்ச்சி மலரில் ராசிபலனோடு இந்தப் படத்தையும் முழுப் பக்கத்தில் போடுங்கள். பூமி எங்கே என்று அம்புக்குறி இட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணில் படாது.

ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி