செயலிக்கு முன்னால் ஒரு நோட்டு

கோயம்புத்தூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிளஸ் டூ. வீட்டில் டிவிக்கு விடுமுறை.

உன் திட்டத்தை முழுக்கப் படித்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், டோக்கன் போட்டு, மருந்து வாங்கிக்கொடுத்து வீட்டில் விட ஆள் அனுப்பும் செயலி. நல்ல யோசனைதான். ஆனால் அதைச் செய்துதருகிறவர்கள் கேட்கும் எட்டு லட்சத்தை இப்போது கொடுத்துவிடாதே. ஆள் எங்கே வருகிறார் என்று காட்டும் வரைபடம், மாதச் சந்தா, மூன்று மொழி எல்லாம் அவர்கள் செய்துதருவதாகச் சொல்லும் பட்டியலில் இருக்கின்றன. மதுரையில் ஒரு பாட்டி முன்பின் தெரியாதவரோடு ஸ்கேன் எடுக்கப் போவாரா என்பது மட்டும் இல்லை.

உன் மகன் சொல்லும் எம்.வி.பி., அதாவது ஜனங்களுக்கு வேண்டுமா என்று சோதிக்க முதலில் செய்துபார்க்கும் மிகச் சிறிய வடிவம், செயலியாகவே இருக்க வேண்டியதில்லை. 1999இல் அமெரிக்காவில் ஸாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன், கடைகளில் இருந்த காலணிகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபம் கிடையாது, ஆனால் போட்டுப் பார்க்காமலே ஜனங்கள் காலணி வாங்குவார்கள் என்பது தெரிந்துவிட்டது. இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ் கதையும் உனக்குத் தெரிந்திருக்கும். 2005 தீபாவளிக்கு ஊருக்குப் போக பெங்களூரில் டிக்கெட் கிடைக்காமல் அலைந்த பணீந்திர சமா, நண்பர்களோடு சேர்ந்து பஸ் முதலாளிகளுக்கு மென்பொருள் கொடுக்கப் பார்த்தார். அவர்கள் சீந்தவில்லை. சில இருக்கைகளை விற்றுக் காட்டிய பிறகுதான் காரியம் நடந்தது.

என் சங்கதிக்கு வருகிறேன். அக்கா மகனும் நானும் தென்னை மரம் ஏற ஆள் அனுப்புகிறோம். ஒரு போன் நம்பர், ஒரு நீள நோட்டு, அவ்வளவுதான் முதலீடு. தோப்புக்காரர்களை நினைத்துத்தான் தொடங்கினோம். கூப்பிட்டதெல்லாம் வீட்டில் மூன்று நான்கு மரம் வைத்திருப்பவர்கள். சாய்பாபா காலனி அம்மாள் ஒருவர், "காய் எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காய்ந்த மட்டையை மட்டும் இறக்குங்கள், பக்கத்து வீட்டுக் கார் கீழே நிற்கிறது" என்றார். பேரமே பேசவில்லை. அன்றிலிருந்து அக்கா மகன் நோட்டில் 'கீழே கார் உண்டா' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டான். ஏறுகிறவர்களோ மூன்று மரத்துக்காக வரமாட்டார்கள். அதனால் ஒரே தெருவில் நாலைந்து வீடு சேரும்வரை நிறுத்திவைத்து ஒரே நாளில் முடிக்கிறோம். 'உடனே பதிவு செய்க' என்று பொத்தான் வைத்திருந்தால் இது விளங்கியே இருக்காது.

ஆகவே நீயும் 'இப்படி ஒரு சேவை வேண்டுமா' என்று விசாரித்துக்கொண்டு அலையாதே. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். காபி கொடுத்து, "பிரமாதம் தம்பி, ஆரம்பித்ததும் சொல்லுங்கள்" என்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும் தேதிக்கு முன்பணம் கேள். உன் விஷயத்தில் சிக்கல் ஒன்று கூடுதல்: பணம் கட்டுவது துபாயில் இருக்கும் மகன், கூட வருவது அம்மா. டாக்டர் சொன்னதையெல்லாம் உடனே அனுப்பச் சொல்வான் மகன்; "அவனிடம் சொல்லாதே, பயந்துவிடுவான்" என்பார் அம்மா. யார் பக்கம் நிற்பாய்? இதற்கு எந்தச் செயலியிலும் விடை கிடைக்காது. முதல் சிலரோடு நீயே போனால்தான் பிடிபடும்.

எத்தனை பேர் இரண்டாம் முறையும் கூப்பிட்டால் தொடர்வாய் என்பதை இப்போதே எழுதி உன் மனைவியிடம் கொடுத்துவை. பிறகு எழுதினால் நமக்குச் சாதகமாகத்தான் எழுதுவோம்.

தை மாதம் மதுரை வருகிறேன். அதற்குள் ஒருவரையாவது அழைத்துப்போய்வந்து எழுது. அந்த அம்மாள் வழியெல்லாம் என்ன புலம்பினார் என்பதையும் விடாமல் எழுது.

அன்புடன்,
வேலுச்சாமி